மௌனா கேயாவில் விண்மீன் பார்க்க உச்சிக்குப் போக வேண்டாம்

அமெரிக்காவின் மே கடைசி வார நீண்ட விடுமுறைக்கு ஹவாய் பெரிய தீவுக்குக் கிளம்பும் நண்பர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மௌனா கேயா எரிமலை உச்சிக்குப் போக ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுக்கணுமா?" விண்மீன் பார்க்கத்தான் என்றால் வேண்டாம். 4,207 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான். ஆக்சிஜன் குறைந்தால் சீக்கிரமே மங்குவது இரவுப் பார்வை. போதாக்குறைக்கு, சூரியன் மறைந்து அரை மணி நேரத்தில் பொதுமக்கள் உச்சியை விட்டு இறங்கிவிட வேண்டும். உச்சியில் பத்து மீட்டர் கண்ணாடி வைத்திருக்கும் கெக் தொலைநோக்கிகளுக்கு மூச்சு வாங்காது, நமக்கு வாங்கும்.

வெறும் கண்ணுக்குத் தோதான இடம் 2,800 மீட்டரில் இருக்கும் பார்வையாளர் நிலையம். அதுவரை தார் ரோடு. சாதாரண கார் போதும்.

படி 1: நாள் குறிப்பது

வைகாசி விசாகத்தை ஒட்டிப் போகாதீர்கள். முழு நிலா வானத்தைக் கழுவி விட்டுவிடும். தேய்பிறை சஷ்டி தொடங்கி, அமாவாசை தாண்டி, வளர்பிறை சதுர்த்தி வரை முன்னிரவு இருட்டாக இருக்கும். நிலா செயலிகளை விட வீட்டு நாள்காட்டியே எனக்கு வசதி.

படி 2: கிளம்புவது

தீவின் இரு பக்கத்து ஊர்களான ஹீலோவையும் கோனாவையும் இணைக்கும் சேடில் ரோட்டில் பெட்ரோல் பங்க் கிடையாது. ஹீலோவிலோ கோனா பக்கத்திலோ டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். சுண்டல் வேண்டாம். உயரம் ஏற ஏற வயிற்றில் வாயு விரியும், காருக்குள் நான்கு பேர் இருக்கிறீர்கள். கடற்கரையில் வியர்த்ததை நம்பி அரைக்கை சட்டையோடு போனால் மேலே நடுங்குவீர்கள். ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் மூன்றும் வேண்டும்.

படி 3: காரை இருட்டாக்குவது

முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கண் முழுசாக இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரே ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து. வாடகைக் கார்தான் இதில் பெரிய வில்லன். கதவைத் திறந்தால் கூரை விளக்கு, டிக்கியைத் திறந்தால் இன்னொரு விளக்கு, சாவியை அழுத்திப் பூட்டினால் நான்கு பக்கமும் பளிச், இன்ஜினை அணைத்த பிறகும் சில நொடிக்கு எரியும் ஹெட்லைட்.

அதனால் பகல் வெளிச்சத்திலேயே, காரை எடுத்த அன்றே, உட்கார்ந்து இவற்றை அணைக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஹெட்லைட் திருகில் 'ஆட்டோ'வை விட்டு 'ஆஃப்'புக்கு மாற்ற வேண்டும். கூரை விளக்கின் சுவிட்ச் சில கார்களில் ரியர் வியூ கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும், சிலவற்றில் திரைக்குள் மெனுவாக இருக்கும். அணையாத விளக்குக்கு மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை நான்காக மடித்து டேப் போட்டு ஒட்டுங்கள். டார்ச்சுக்கும் அதே வைத்தியம். ஜாக்கெட், பைனாகுலர், பாய் எல்லாவற்றையும் இருட்டுவதற்கு முன்பே வெளியே எடுத்துவிட்டால் டிக்கி பக்கம் போகவே வேண்டாம். போனை வெறுமனே மங்கலாக வைப்பது பற்றாது. முழுத் திரையையும் சிவப்பாக்கும் அமைப்பைத் தேடி வையுங்கள்.

தொலைநோக்கியா பைனாகுலரா என்றால், புதியவர்களுக்கு 10x50 (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் லென்ஸ்) பைனாகுலர்தான். விமானத்தில் தொலைநோக்கியைச் சுமந்து வருவது வீண் வேலை.

படி 4: எதை, எப்போது

எட்டேகால் மணிக்கு முழு இருட்டு. எட்டரை வாக்கில் நான்கு விண்மீன்கள் சிலுவை வடிவில் சேர்ந்த தெற்குச் சிலுவை நேர் தெற்கே நிற்கும், ஆகவே முதலில் அதைப் பாருங்கள். கலிஃபோர்னியாவிலிருந்து இது தெரியாது. சென்னையிலிருந்து தெரியும், நாம்தான் தெற்கே பார்ப்பதில்லை. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் தொடுவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி உயரம், பக்கத்து எரிமலையான மௌனா லோவாவின் அகன்ற முதுகுக்கு மேலே. மேற்கே சாய்ந்து, பார்க்க அதே மாதிரி இருக்கும் போலிச் சிலுவையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அசலுக்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான விண்மீன்கள் அதைச் சுட்டிக்காட்டும். அவற்றில் தள்ளி இருப்பது ஆல்ஃபா சென்டாரி, சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் குடும்பம்.

பிறகு நிமிருங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டினால் சுவாதி விண்மீன், இன்னும் நீட்டினால் சித்திரை விண்மீன். சுவாதி பத்தரை மணிக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். அது தலைக்கு மேல் கடக்கும் அட்சரேகைதான் ஹவாய் என்பது பசிபிக் தீவுகளின் பாலினேசிய மாலுமிகளின் கணக்கு. 1976-இல் ஹவாயிலிருந்து கருவிகள் இல்லாமல் தாஹித்தி தீவு வரை போன படகுக்கு ஹோக்குலேயா என்று இந்த விண்மீனின் ஹவாய்ப் பெயரைத்தான் வைத்தார்கள்.

ஒன்பதே முக்கால் வாக்கில் சித்திரை நேர் தெற்கே வரும். அதற்கு நேர்கீழே மூன்றரை முஷ்டி இறங்கி பைனாகுலரைத் திருப்புங்கள். புகை படிந்த பஞ்சு உருண்டை மாதிரி தெரிவது ஒமேகா சென்டாரி, லட்சக்கணக்கான விண்மீன்களின் கொத்து. தென்கிழக்கே கேட்டை விண்மீன் சிவப்பாக ஏறியிருக்கும். அதன் பின்னால் பால்வீதி எழும். ஆனால் அதன் மையம் நன்றாக மேலே வர பதினொரு மணி தாண்டிவிடும். நிலையம் மூடும் நேரத்தை அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஹவாய் மக்களுக்கு இது புனித மலை. எரிமலைக் கூம்புகள் மேல் பாதை இல்லாத இடத்தில் ஏறுவது, கல் பொறுக்கி வருவது இரண்டும் வேண்டாம்.

பின்சேர்க்கை: "ஹீலோவில் கொட்டுகிறது, ரத்து செய்யட்டுமா?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். அவசரப்படாதீர்கள். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் மேலே சூடான காற்று மூடி போட்டது போல் நின்று மேகத்தைப் பெரும்பாலும் கீழேயே அடக்கிவிடும். உச்சித் தொலைநோக்கிகளின் நேரலைக் கேமராவைப் பார்த்து முடிவெடுங்கள். வழியில் பனிமூட்டம் இருக்கும், நிதானமாக ஓட்டுங்கள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் லோ கியரில் வாருங்கள்.

பின்சேர்க்கை 2: நம் நாள்காட்டி இந்திய நேரத்துக்குப் போட்டது. ஹவாய் பதினைந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. சென்னைக்குச் சனிக்கிழமை காலையில் வரும் அமாவாசை அங்கே வெள்ளிக்கிழமை. ஓட்டல் போடும்போது தேதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.