ஒரு லட்ச ரூபாய்க்குள் ஒரு கார்: வாங்கும் முறையும் ஓட்டும் முறையும்

ஒரு லட்ச ரூபாய்க்குள் பழைய கார் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பானெட்டைத் திறந்து என்ஜினைத்தான் பார்க்கிறார்கள். அந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. இந்த விலையில் கிடைக்கும் மாருதி 800, ஆல்ட்டோ, சான்ட்ரோ போன்ற வண்டிகளின் என்ஜின் உதிரிபாகங்கள் சிறிய ஊர்களிலும் கிடைக்கின்றன. அவற்றைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். ஆனால் தரைத்தகடு துருவேறிப் போன வண்டிக்கும், ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிதழில் சிக்கல் உள்ள வண்டிக்கும் மலிவான வைத்தியம் கிடையாது. ஆகவே முதலில் காகிதம், அடுத்தது தகடு, அதன் பிறகே என்ஜின்.

எந்த வண்டி என்று கேட்டால், 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரி வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800-ஐயோ, அதே 796 சி.சி. அளவுள்ள மூன்று சிலிண்டர் என்ஜின் கொண்ட பழைய ஆல்ட்டோவையோதான் சொல்வேன். இரண்டிலும் கார்புரேட்டர் வண்டியை விட்டுவிட்டு பெட்ரோலை மின்னணு முறையில் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியாகப் பாருங்கள். அதே விலைக்குப் பெரிய பழைய செடான் ஒன்று பளபளவென்று நின்றால் ஆசைப்பட வேண்டாம். அதன் ஒரு ஹெட்லைட்டுக்காகச் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் வாரக்கணக்கில் அலைய நேரலாம்.

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே அதன் பதிவு எண்ணை வாங்கி மத்திய அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பார்க்க வேண்டும். இப்போதிருப்பவர் எத்தனையாவது ஓனர், எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எந்தத் தேதி வரை செல்லும், இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்பவை அதில் தெரிந்துவிடும். கடனை எப்போதோ அடைத்துவிட்டு ஆர்.சி.யில் பதிவை நீக்காமல் விட்டவர்கள் ஏராளம். வங்கியின் தடையில்லாச் சான்றையும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ஐயும் விற்பவரே வாங்கித் தர வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். ஆர்.சி. இறந்துபோன தந்தையின் பெயரில் இருந்தால், மகன் முதலில் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட பிறகே உங்களுக்கு விற்க முடியும். அதற்கு முன் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். புதுச்சேரிப் பதிவெண் கொண்ட வண்டி மலிவாகக் கிடைத்தால், தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்க மறுபதிவு செய்ய வேண்டும், இங்கே வரியும் கட்ட வேண்டும் என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இந்த விலை வண்டிகளில் அதிகம் கவனிக்க வேண்டியது எஃப்.சி. தேதி. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஆக்கப்பட்டது. பசுமை வரி, டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் இதற்கு மேல். எனவே எஃப்.சி. நான்கு ஆண்டு பாக்கியுள்ள 60,000 ரூபாய் வண்டி, அடுத்த மாதம் எஃப்.சி. முடியும் 40,000 ரூபாய் வண்டியைவிட மலிவானதாகவே இருக்கக்கூடும்.

காகிதம் சரியென்றால் தகட்டுக்கு வரலாம். நான் வாங்கிய முதல் 800-இன் பெயிண்ட் கண்ணாடிபோல் இருந்தது. முதல் மழையில் காலடியில் தண்ணீர் தேங்கியபோதுதான் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன்மேல் தாரைத் தடவி, யாரோ ஒரு திருமண பிளெக்ஸ் பேனரை வெட்டி ஒட்டியிருந்தார்கள், மணமகனின் பாதி முகத்தோடு. அன்றிலிருந்து ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சட்டைப்பையில் கொண்டுபோகிறேன். கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பிலும், சக்கர வளைவுகளிலும், டிக்கியின் ஓரங்களிலும் அதை வைத்துப் பார்த்தால், இரும்பு உள்ள இடத்தில் ஒட்டும். பட்டி போட்டு நிரப்பிய இடத்தில் நழுவி விழும். முன் சஸ்பென்ஷன் வந்து உட்காரும் இடத்தில் துருவோ வெல்டிங் தழும்போ இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுவது நல்லது. கடற்கரை ஊர் வண்டிகளில் இந்தத் துரு சீக்கிரம் வருகிறது. சென்னை வண்டியென்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களையும் நினைவில் வைத்து, சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியின் பெல்ட் அடிப்பகுதியில் சேற்றுக் கறை பெரும்பாலும் மிஞ்சியிருக்கும்.

என்ஜினுக்கு அரை மணி நேரம் போதும். ‘நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்; வெயிலில் நிற்காமலே சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். ஆயில் மூடியின் அடியில் பால்போல் வெண்மை படிந்திருந்தால் என்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் சந்தேகத்துக்குரியது. ஆக்ஸிலேட்டரை விட்டு மிதிக்கும்போது நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுதும் ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது ‘கட் கட்’ என்று கேட்டால் ஆக்ஸில் ஜாயின்ட் போயிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். பட்டன் (டயரின் மேல் வரிகள்) எவ்வளவு இருந்தாலும் 2014-ஆம் ஆண்டு டயரை டயராகக் கணக்கில் எடுக்காதீர்கள். இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகளே என்பதால், திரும்பிப் போவதற்கு அல்ல, விலையைக் குறைப்பதற்குப் பயன்படுத்துங்கள்.

விற்பவர் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் வெறுமனே கையெழுத்திட்டுக் கையில் திணித்து, மெதுவாக மாற்றிக்கொள்ளுங்கள் என்பார். அப்படியே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் பலர். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்த பிறகும் விற்பவர்கள் இதில் அசட்டையாக இருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. வாங்குபவருக்கும் இடர் உண்டு: இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 2,094 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி என்று 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்டது. இந்தச் சிறு தொகையில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கையில் ஒரு லட்சம் இருந்தால் எழுபதாயிரத்துக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். மீதித் தொகை முதல் மாதத்திலேயே செலவாகும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்பவர் என்ன சொன்னாலும் நம்பாமல் புதிதாக மாற்றுங்கள். அறுந்தால் பல என்ஜின்களில் வால்வுகள் வளைந்துவிடும். ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர்தான் இருக்கும். அதை வடித்துக் கழுவிக் கூலன்ட் ஊற்றுங்கள். இப்போது பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்கள் அதில் நாளடைவில் வெடிப்பு விடுவதால் அவற்றையும் மாற்றிவிடுவது பாதுகாப்பு. பிரேக் ஆயிலையும் பின் சக்கர சிலிண்டர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்ஜின் ஆயில் மாற்றி, வாரம் ஒருமுறை ஆயில் அளவைக் காட்டும் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து வந்தால், இந்தச் சிறிய என்ஜின்கள் எளிதில் படுத்துவிடுவதில்லை. மே மாத நெரிசலில் மட்டும் வெப்பமானி முள்ளின்மேல் ஒரு கண் இருக்கட்டும். அது ஏறினால் வண்டியை ஓரங்கட்டி ஆஃப் செய்யுங்கள், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

என்றாவது ஒருநாள் எஃப்.சி. செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும். அப்போது காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், ஆர்.சி. உங்கள் பெயரிலேயே இருக்கும், அந்த எண்ணில் வரும் அபராதமும் உங்களுக்கே வரும். பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்து, ஒப்படைப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை ரத்து செய்து முடிக்க வேண்டும்.