தொடைக்குக் கரண்ட் வைப்பது: வீட்டில் ஈ.எம்.எஸ். செய்யும் முறை

முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத் தெரியும், வலி ஒரு பக்கம் என்றால் தொடை சூம்பிப்போவது அதைவிடப் பெரிய தொல்லை. மூட்டில் வீக்கம் இருக்கும்வரை நரம்பு வழியாகத் தொடைத் தசைக்கு வரும் உத்தரவே குறைந்துவிடுகிறது, அதனால் நாம் எவ்வளவு முயன்றாலும் தசை முழுசாக இறுகாது. வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து அதை இறுக வைப்பதுதான் ஈ.எம்.எஸ். எனக்கு என் பிசியோ சொல்லிக்கொடுத்து, பிறகு வீட்டில் நானே செய்து பலன் கண்ட முறை இது. உங்கள் சர்ஜன் சரி என்று சொன்ன பிறகு ஆரம்பியுங்கள்.

ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். டென்ஸ் (தோல் வழியாக நரம்பைத் தூண்டும் கரண்ட்) வேறு, ஈ.எம்.எஸ். வேறு. டென்ஸ் வலிக்கு: 80 முதல் 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு), தோலில் சுறுசுறுவென்று இருந்தால் போதும், தசை துடிக்கக் கூடாது. தொடு உணர்ச்சி நரம்புகளைத் தூண்டினால் வலிச் செய்தி தண்டுவடத்திலேயே தடைபடும் என்று மெல்ஸாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965இல் சொன்ன கோட்பாடுதான் இதற்கு அடிப்படை. மெஷின் ஓடும்போதும் கொஞ்ச நேரம் பிறகும் ஆறுதல் கிடைக்கும், தசை வளராது. சூம்பிய தொடைக்கு டென்ஸ் மோடிலேயே மாதக்கணக்கில் வைத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

மெஷின் வாங்கும்போது ஹெர்ட்ஸ், பல்ஸ் அகலம் (ஒவ்வொரு துடிப்பும் நீடிக்கும் நேரம்), ஆன்-ஆஃப் நேரம் மூன்றையும் நாமே மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். மசாஜ் படம் போட்டு நம்பர் மட்டும் காட்டும் மெஷின்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. தோலில் ஒட்டிக் கரண்டை இறக்கும் பேட் பெரியதாக, 5 × 9 செ.மீ. அளவில் வாங்குங்கள். சின்ன பேடில் கரண்ட் ஒரே இடத்தில் குவிந்து, தசை இறுகுவதற்கு முன்பே தோல் சுரீரென்று எரியும்.

தொடையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். எண்ணெய், தைலம் எதுவும் இருக்கக் கூடாது, பேட் ஒட்டாது, எரிச்சலும் கூடும். முடி இருந்தால் கத்தரியால் வெட்டுங்கள், சவரம் வேண்டாம். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள்.

இப்போது பேட் வைக்கும் இடம். பாதிப் பேர் திணறுவது இங்கேதான். நல்ல காலை இறுக்கிப் பாருங்கள், முழங்கால் சில்லுக்கு மேலே உள்பக்கமாக ஒரு சதை உருண்டு எழும். அடிபட்ட காலில் அதே இடத்தில் ஒரு பேட். இன்னொன்று தொடையின் மேல்பகுதியில், சற்று வெளிப்பக்கமாக. கரண்டை மெதுவாக ஏற்றும்போது சில்லு தொடையை நோக்கி மேலே இழுபட வேண்டும். அதுதான் அடையாளம். தோல் எரிகிறது, ஆனால் சில்லு அசையவில்லை என்றால் இடம் தவறு. மெஷினை அணைத்துவிட்டு, கீழ் பேடை இரண்டு விரல் அகலம் நகர்த்தி மறுபடி பாருங்கள். இடம் கிடைத்ததும் பேனாவால் தோலில் ஓரம் வரைந்துகொள்ளுங்கள், அடுத்த முறை தேட வேண்டாம்.

செட்டிங்: 50 ஹெர்ட்ஸ், பல்ஸ் அகலம் 300 மைக்ரோ விநாடி, கரண்ட் ஏறுவதற்கு 2 விநாடி, 10 விநாடி ஆன், 50 விநாடி ஆஃப். பத்துப் பதினைந்து முறை இறுகினால் ஒரு வேளைக்குப் போதும். ஆன் ஆகியிருக்கும்போது மட்டும் அளவைக் கூட்டுங்கள், தாங்க முடிகிற உச்சம் வரை. கூடவே நீங்களும் தொடையை இறுக்க வேண்டும், போனைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் பாதிப் பலன்தான். மறுநாள் சதை வலித்தால் ஒரு நாள் விடுங்கள்.

பேஸ்மேக்கர் இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகள், வலிப்பு நோய், புற்றுநோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். கழுத்தின் முன்பக்கம், நெஞ்சு, புண் உள்ள இடம் கூடாது. சர்க்கரையால் உணர்ச்சி மரத்த தோலில் வைத்தால் சுடுவதே தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு கெண்டைக்கால் வீங்கி, சூடாக வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், மெஷினைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பின்சேர்க்கை: ஆபரேஷனில் வைத்த ஸ்க்ரூ காலுக்குள்ளே இருக்கிறதே என்று பலர் கேட்டிருந்தீர்கள். உலோகம் இருந்தால் வைக்கக் கூடாதது கிளினிக்கில் சூடு கொடுக்கும் டயாதெர்மி. இந்தக் கரண்டுக்குப் பொதுவாக அந்தத் தடை இல்லை, ஆனாலும் சர்ஜனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பேட் ஒட்டவில்லை என்பவர்களுக்கு: விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுப் பசையில் தடவி, பிசுபிசுப்பு வந்ததும் வையுங்கள். அப்படியும் ஓரம் தூக்கினால் புதுசு வாங்கிவிடுங்கள், டேப் போட்டு ஒட்ட வேண்டாம், ஒட்டியிருக்கும் சின்னப் பகுதியிலேயே மொத்தக் கரண்டும் இறங்கித் தோல் வெந்துவிடும்.