வரி குறைந்த நாளும் முன்பதிவு டிக்கெட்டும்: என் அனுபவம்

2025 செப்டம்பர் 22 அன்று, 100 ரூபாய் வரையிலான சினிமா டிக்கெட்டுகளுக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தபோது, நான் கணக்குப் பார்க்கும் திரையரங்கில் ஒரு சிக்கல் எழுந்தது. டிக்கெட் மென்பொருள் காட்சித் தேதியை வைத்தே வரியைக் கணக்கிட்டதால், 22ஆம் தேதிக்கு முன்பே பணம் பெற்று வழங்கியிருந்த முன்பதிவு டிக்கெட்டுகளும் 5 விழுக்காட்டில் போய் விழுந்தன. 80 ரூபாய் கட்டணத்துக்கு ரசிகரிடம் வாங்கிய வரி 9 ரூபாய் 60 காசு. அறிக்கையில் இருந்ததோ வெறும் 4 ரூபாய்.

சேவை பின்னர் நடந்தாலும், பில்லும் பணமும் விகிதம் மாறுவதற்கு முன்பே முடிந்துவிட்டால் பழைய விகிதமே பொருந்தும் என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுகிறது. எனவே விற்பனைத் தேதி, காட்சித் தேதி ஆகிய இரண்டு நெடுவரிசைகளுடனும் பட்டியலைத் தரவிறக்கி, 22ஆம் தேதிக்கு முன் விற்றவற்றை வடிகட்டிப் பிரித்து, செப்டம்பர் மாத விற்பனை விவரங்களைத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 7ஆம் அட்டவணையில் 12 விழுக்காட்டுக்கு ஒரு பதிவும் 5 விழுக்காட்டுக்கு ஒரு பதிவுமாக இட்டேன். மென்பொருள் நிறுவனத்தாரிடம் சொல்லி, இனி விற்பனைத் தேதியையே அடிப்படையாகக் கொள்ளுமாறு மாற்றச் செய்தேன். அவர்களை அதற்கு ஒப்புக்கொள்ள வைப்பதுதான் வரிக் கணக்கைவிடக் கடினமாக இருந்தது.

100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுகளுக்கு 18 விழுக்காடு மாறாததால் அவற்றைத் தொடவில்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுக் கேளிக்கை வரிச் சட்டப்படி, படத்தின் மொழிக்கேற்ப உள்ளாட்சிக்குச் செலுத்தும் கேளிக்கை வரி தனிக் கணக்கு. அதை இந்தத் திருத்தத்தோடு கலக்காமல் வைத்தேன்.