நாப்ஸ்டர் எங்கே தவறியது? பிறர் படைப்பை வைத்துத் தொழில் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்டன் நகரின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்ட ஷான் ஃபேனிங், தமது பதினெட்டாம் வயதில் எழுதிய, பாடல்களை இணையம் வழியே பயனர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ள உதவிய நாப்ஸ்டர் மென்பொருள் 1999 ஜூனில் வெளிவந்தது. 2001 பிப்ரவரியில் அதன் பயனர்கள் உலகெங்கும் இரண்டரைக் கோடியைத் தாண்டியிருந்தனர். அதே ஆண்டு ஜூலையில் கோப்புப் பகிர்வு நின்றது. 2002 ஜூனில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. புதுமையான தொழில்நுட்பத்தைப் பழைய பதிப்புரிமைச் சட்டம் நசுக்கிவிட்டது என்றே இந்தக் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் இசை நிறுவனங்கள் நாப்ஸ்டர் மீது தொடுத்த வழக்கில், அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001 பிப்ரவரி 12 அன்று அளித்த தீர்ப்பைப் படிப்பவர்களுக்கு வேறொரு கதை தெரியும். மென்பொருளின் அமைப்பை மட்டும் வைத்து நிறுவனத்தின் மீது பழி சுமத்த முடியாது என்றே அந்த நீதிபதிகள் கருதினர். நிறுவனத்தை வீழ்த்தியது அது நடந்துகொண்ட விதம்.

நாப்ஸ்டரின் சர்வர்களில் எந்தப் பாட்டும் இருக்கவில்லை. யாருடைய கணினியில் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் மட்டுமே அங்கே இருந்தது. கேட்டவருக்கு அந்தப் பட்டியல் வழிகாட்டியதும், எம்பி3 கோப்பு ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாகச் சென்றது. பாட்டு தன் கையில் இல்லை என்பதாலேயே பொறுப்பும் தன்னுடையதில்லை என்று நிறுவனம் நம்பியதுதான் பல தவறுகளுக்கு வேராக இருந்தது.

இவற்றுள் மிகக் கேடானது, தெரிந்ததைத் தெரியாதது போல் காட்டிக்கொண்டதாகும். பயனர்கள் திருட்டு இசையைப் பரிமாறிக்கொள்வதால் அவர்களுடைய உண்மையான பெயர்களையும், இணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் ஐபி முகவரிகளையும் நாம் அறியாமலே இருக்க வேண்டும் என்ற பொருளில், இணை நிறுவனர் ஷான் பார்க்கர் எழுதிய ஆவணம் ஒன்று நீதிமன்றத்தின் கைக்கு வந்தது. அறியாமல் இருக்க வேண்டும் என்று எழுதுபவர் அறிந்திருக்கிறார் என்பதற்கு அந்த வாக்கியமே சாட்சியாகிவிட்டது. அதோடு, பதிப்புரிமையை மீறும் கோப்புகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் உள்ளன என்று அமெரிக்க இசைப்பதிவுத் துறைச் சங்கம் நிறுவனத்துக்கு அறிவித்திருந்தது. நிறுவனத்தின் நிர்வாகிகளே அத்தகைய பாடல்களைப் பதிவிறக்கியிருந்தார்கள். விளம்பரத்துக்காக வெளியிட்ட கணினித் திரைப்பிடிப்புகளிலும் (ஸ்கிரீன்ஷாட்) அத்தகைய கோப்புகளின் பெயர்கள் தெரிந்தன. தொழில் தொடங்குவோர் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு சிக்கல் தெரிந்துவிட்டால் அதைத் தீர்க்க என்ன செய்தோம் என்று எழுதிவைக்கலாம். அதைப் பார்க்காமலிருக்கும் வழியை வகுப்பது எந்த வழக்கிலும் காப்பாற்றாது.

வருமானமே இல்லையே என்ற வாதமும் நிற்கவில்லை. பயனர் கூட்டம் பெருகுவதுதான் அந்நிறுவனத்தின் வருங்கால வருவாய்க்கு அடிப்படை, அந்தக் கூட்டத்தை ஈர்ப்பது பிறருக்குப் பதிப்புரிமையுள்ள பாடல்கள், ஆகவே அத்துமீறலால் நிறுவனத்துக்கு ஆதாயம் உண்டு என்று நீதிமன்றம் கண்டது. ஒருவருக்குச் சேவையை மறுக்கும் உரிமையைத் தன் விதிமுறைகளிலேயே நாப்ஸ்டர் வைத்துக்கொண்டிருந்தது. அந்த உரிமையைப் பயன்படுத்தாதது அதற்கு எதிராகவே திரும்பியது. 2000 மே மாதத்தில் மெட்டாலிகா என்ற ராக் இசைக்குழுவின் லார்ஸ் உல்ரிக், தம் குழுவின் பாடல்களைப் பகிர்ந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தபோது, நிறுவனம் அவர்களைத் தடைசெய்தது. எனவே தடுக்கும் ஆற்றல் அதனிடம் இருந்தது என்பதில் ஐயமில்லை.

முன்தீர்ப்பு ஒன்றை மேலோட்டமாகப் புரிந்துகொண்டதையும் சொல்ல வேண்டும். வீட்டு வீடியோ ரெக்கார்டரை விற்ற சோனி நிறுவனத்துக்கு 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்ததை நாப்ஸ்டர் தன் கேடயமாக நம்பியது. ஆனால் ரெக்கார்டரை விற்ற பிறகு வாங்கியவருடன் சோனிக்குத் தொடர்பு இல்லை. நாப்ஸ்டரோ ஒவ்வொரு தேடலுக்கும் தன் சர்வரால் விடையளித்துக்கொண்டிருந்தது.

அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கூட்டம் சேரட்டும் என்ற எண்ணம் இன்றும் பல இளைஞர்களிடம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சேவை தொடங்கிய ஆறு மாதத்தில், 1999 டிசம்பரிலேயே இசை நிறுவனங்களின் வழக்கு வந்துவிட்டது. ஐந்து ஆண்டுகளில் நூறு கோடி டாலர் தருவதாக நாப்ஸ்டர் இசை நிறுவனங்களிடம் முன்வந்தது 2001 பிப்ரவரியில், மேல்முறையீட்டில் தோற்ற பிறகு; அதை அவை ஏற்கவில்லை. அதன் பின்னர் அத்தகைய பாடல்களைத் தடுக்க அவசரமாகப் பொருத்திய வடிகட்டியை, பாடகர் பெயர்களைத் திரித்து எழுதியே பயனர்கள் ஏமாற்றினார்கள். 99 சதவீதத்துக்கு மேல் தடுக்கிறோம் என்று நிறுவனம் சொன்னதும், வழக்கை விசாரித்த கீழ் நீதிமன்ற நீதிபதி மேரிலின் ஹால் படேலுக்குப் போதவில்லை. தொடக்கத்திலேயே கட்டியிருக்க வேண்டிய ஒன்றை நீதிமன்றக் கெடுவுக்குள் கட்டுவது மிகக் கடினம். மக்கள் காசு கொடுத்து வாங்கவே மாட்டார்கள் என்ற கருத்தும் சரியல்ல: 2003 ஏப்ரலில் இசை நிறுவனங்களின் சம்மதத்தோடு ஆப்பிள் திறந்த கடையில், பாட்டு ஒன்றுக்கு 99 சென்ட் என்ற விலையில், முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாடல்கள் விற்றன.

பங்குப் பிரிவினையும் கவனத்துக்குரியது. நிறுவனத்தைப் பதிவுசெய்தபோது பெரும்பங்கு ஃபேனிங்கின் தாய்மாமன் ஜான் ஃபேனிங்கிடம் போயிற்று. மென்பொருளை எழுதியவருக்கு முப்பது சதவீதமே கிடைத்தது. அந்த இளைஞரை நினைக்கும்போது எனக்கு வருத்தமே மேலிடுகிறது. பணம் போட்டவர்களும் தப்பவில்லை. நாப்ஸ்டருக்குக் கடன் கொடுத்த ஜெர்மனியின் ஊடக நிறுவனமான பெர்டெல்ஸ்மன் மீதே வழக்கு பாய்ந்தது. 2006-இல் யுனிவர்சல் இசை நிறுவனத்துக்கு மட்டும் 6 கோடி டாலர் கொடுத்து அது சமரசம் செய்துகொண்டது.

இறுதியாக, நாப்ஸ்டரிடமிருந்து தவறான பாடத்தைக் கற்றவர்களைப் பற்றி. மையப் பட்டியல் இருந்ததால்தான் அது மாட்டிக்கொண்டது, பட்டியலே இல்லாமல் கட்டினால் சட்டம் தொடாது என்று குரோக்ஸ்டர் போன்ற கோப்புப் பகிர்வு நிறுவனங்கள் எண்ணின. கீழ் நீதிமன்றங்களில் அந்த உபாயம் பலித்தது. ஆனால் 2005 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் பட்டியல் இருந்ததா இல்லையா என்பதோடு நிற்காமல் நோக்கத்தைப் பார்த்தது: நாப்ஸ்டரை இழந்த பயனர்களைக் குறிவைத்து ஈர்க்க முயன்றதும், அத்துமீறலைக் குறைக்க ஒரு வடிகட்டிகூடச் செய்ய முயலாததும் அவர்களுக்கு எதிரான சான்றுகளாயின. அதே ஆண்டு நவம்பரில் குரோக்ஸ்டர் மூடப்பட்டது.