வெளியூர் கோர்ட் பிடிவாரண்டு சென்னை வீட்டுக்கு வந்தால்

விஜயவாடா கோர்ட் வாரண்டு வேளச்சேரியில் செல்லாது என்று நம்பிக் கதவைச் சாத்திவிடாதீர்கள். செல்லும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 79-ஆம் பிரிவுப்படி, பிடிவாரண்டை இந்தியாவில் எங்கும் நிறைவேற்றலாம். அதற்குக் காலாவதியும் கிடையாது. பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும்வரை, அல்லது நிறைவேற்றப்படும்வரை அது நடப்பில் இருக்கும். ஐந்து வருடமாக யாரும் தேடி வரவில்லை என்பது ஒரு பாதுகாப்பே அல்ல.

வந்தவர்களிடம் வாரண்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்டால் காட்டியாக வேண்டும். நீதிபதியின் கையெழுத்து, நீதிமன்ற முத்திரை, வழக்கு எண் மூன்றையும் பாருங்கள். தகப்பனார் பெயரையும் முகவரியையும் அவசியம் ஒப்பிடுங்கள்; ஒரே பெயர் என்பதால் வேறொருவரைப் பிடித்துவிடும் ஆபத்து இங்கேதான். வாட்ஸ்அப் வீடியோவில் வாரண்டு காட்டிப் பணம் கேட்டால் அது மோசடி, உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள்.

வெளியூர் போலீஸ் வந்திருந்தால், உள்ளூர் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ நிர்வாக நடுவரோ (எக்சிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) வாரண்டில் மேலெழுத்து, அதாவது இங்கே நிறைவேற்றலாம் என்ற ஒப்புதல் கையெழுத்து, போட்டிருக்க வேண்டும். ஆனால் தாமதித்தால் ஆள் தப்பிவிடுவார் என்ற நிலையில் அது இல்லாமலும் கைது செய்யலாம். அதனால் மேலெழுத்து இல்லை என்பதை மட்டும் வைத்து வாசலில் மல்லுக்கட்டாதீர்கள்.

அடுத்தது 30 கிலோமீட்டர் கணக்கு. வாரண்டு பிறந்த மாவட்டத்துக்கு வெளியே கைது நடந்து, அந்த நீதிமன்றம் 30 கிலோமீட்டருக்குள் இருந்தால் நேராக அங்கேயே கொண்டுபோகலாம். தாம்பரம் கோர்ட் வாரண்டில் வேளச்சேரியில் பிடித்தால் இப்படித்தான். விஜயவாடா வாரண்டு என்றால், கைதான இடத்து நிர்வாக நடுவர் அல்லது போலீஸ் கமிஷனர் முன் முதலில் நிறுத்த வேண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றமானால் அங்கேயே ஜாமீன் கேளுங்கள். வாரண்டிலேயே ஜாமீன்தாரர் எண்ணிக்கை, தொகை, ஆஜராகும் தேதி எழுதியிருந்தால் இன்னும் எளிது: அந்தப் பிணையைக் கொடுத்ததும் அதிகாரி விட்டுவிட வேண்டும்.

கைதுக்கு முன்பே வாரண்டு விஷயம் தெரிந்தால், அதைப் பிறப்பித்த கோர்ட்டிலேயே ஒரு வக்கீல் வைத்து ரீகால் மனு, அதாவது வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் மனு, போடுங்கள். வாய்தாவுக்கு ஏன் வரவில்லை என்பதற்கு மருத்துவச் சீட்டு போன்ற ஆதாரத்தை இணையுங்கள். எழும்பூர் கோர்ட்டில் மனு போட்டுப் பயனில்லை. அந்த வாரண்டை ரத்து செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை.

வழக்கு அந்தக் கோர்ட்டின் எல்லைக்குள்ளேயே வராது, அதை விசாரிக்க அதற்கு அதிகாரமே இல்லை என்ற வாதம் தனி. அதை அந்தக் கோர்ட்டிலோ அந்த மாநில உயர் நீதிமன்றத்திலோ எழுப்புங்கள். செக் வழக்கில் கவனம்: மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பின், கணக்கில் செலுத்தி வசூலிக்கக் கொடுத்த காசோலை திரும்பினால், பணம் பெற வேண்டியவரின் வங்கிக் கிளை இருக்கும் ஊர் கோர்ட்டுக்கே அதிகாரம். நீங்கள் சென்னையில் கையெழுத்திட்டீர்கள் என்பது அங்கே எடுபடாது.