தைப் பட்டத்தில் கொடிக்காய்கள்: விதை முளைக்க வைப்பதிலிருந்து பந்தல் வரை

ஆடிப் பட்டத்துக்குத் 'தேடி விதை' என்று பழமொழி இருக்கிறது. தைக்கு அப்படி எதுவும் இல்லாததாலோ என்னவோ, மாடித்தோட்டக்காரர்கள் பலர் பொங்கல் முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கேட்டால், "வெயில் வரப்போகுதே, இனிமே என்னத்தை நடுறது?" என்பார்கள். வெயில் வரப்போகிறது என்பதற்காகத்தான் இப்போதே போட வேண்டும் என்கிறேன்.

பாகல், பீர்க்கன், புடலை எல்லாம் வெயில் தாங்கும். ஆனால் கடும் வெயிலில் இந்தக் கொடிகளில் ஆண் பூக்கள்தான் அதிகம் வரும். சித்திரை மாதம் கொடி நிறையப் பூவும் ஒரு காய்கூட இல்லாமலும் நிற்பதற்கு அது ஒரு காரணம். மே முதல் வாரம் அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் ஒரு சுற்று காய் பறித்துவிட வேண்டும். விதை போட்டுப் பாகல் காய்க்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். கணக்குப் போட்டால் தை மாதத்தில் வந்து நிற்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இந்தக் கொடிகளுக்கு ஜூலை, ஜனவரி என்று இரண்டு பட்டத்தைத்தான் சொல்கிறது.

இதில் ஒரே ஒரு சிக்கல். தை மாத இரவுகளில் சென்னையிலேயே வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும், கோவைப் பக்கம் இன்னும் கீழே. பாகல் விதைக்கோ 25 முதல் 30 டிகிரி வரை சூடு வேண்டும். நேரே பையில் ஊன்றினால் ஈரத்தில் கிடந்து அழுகிப்போகும். 'விதை சரியில்லை' என்று கடைக்காரரைத் திட்டுகிறோமே, பாதி நேரம் விஷயம் இதுதான்.

1. விதையை வீட்டுக்குள் முளைக்க வையுங்கள்

சுரை, வெள்ளரி, பூசணிக்கு இவ்வளவு பாடு வேண்டாம். ஒரு ராத்திரி ஊறவைத்து ஊன்றினால் வந்துவிடும். பாகல், புடலை, பீர்க்கன் மூன்றுக்கும் ஓடு கெட்டி. இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும்.

விதையின் ஒரு முனை சற்றுக் குறுகலாக இருக்கும். வேர் அந்தப் பக்கம்தான் வரும். நகவெட்டியில் அந்த முனையின் ஓரத்தைப் பிடித்து மெல்ல அழுத்துங்கள். 'டிக்' என்று ஓட்டின் விளிம்பில் ஒரு வெடிப்பு விழும், அது போதும். உள்ளே இருக்கும் பருப்பில் வெட்டு படக் கூடாது. உப்புத்தாளில் தேய்க்கச் சொல்பவர்களும் உண்டு. நாலு விதை தேய்ப்பதற்குள் விரல்தான் தேயும். எனக்கு நகவெட்டிதான்.

அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் பொடி (அழுகலைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா) போட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், விதைக்கும் மூச்சு வேண்டும்.

காலையில் டிஷ்யூ தாளை நனைத்துப் பிழிந்து, அதில் விதைகளை இடைவெளி விட்டு அடுக்கி மடித்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். தாளை விரலால் அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. பழைய வேட்டித் துணியில் கட்டி வைப்பது நம் வழக்கம்தான். ஆனால் வேர் நூலுக்குள் புகுந்துகொண்டால் பிரிக்கும்போது ஒடிந்துவிடும். தாள் என்றால் கிழித்து அதோடு சேர்த்தே நட்டுவிடலாம்.

டப்பாவை எங்கே வைப்பது? உங்கள் வீட்டில் இட்லி மாவு சீக்கிரம் பொங்குகிற மூலை எதுவோ, அங்கே. டப்பா கசியாதென்றால் செட்-டாப் பாக்ஸ் மேலேகூட வைக்கலாம், நல்ல கதகதப்பு. தினம் ஒரு தடவை திறந்து மூடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து வெள்ளையாக வேர் எட்டிப் பார்க்கும். எல்லாம் ஒரே நாளில் வராது. சில விதை ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வழவழப்பாகி நாற்றம் வந்ததை மட்டும் எடுத்துவிடுங்கள், பக்கத்து விதைக்கும் பரவும்.

2. பேப்பர் கப்

கத்தரி, மிளகாய், தக்காளிக்குக் குழித்தட்டு சரி. கொடிகளுக்கு வேண்டாம். வேரை அசைத்தால் கொடி வாடி உட்கார்ந்துவிடும். டீக்கடை பேப்பர் கப்பின் அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டு, கோகோபீட்டும் (தென்னை நார்த் தூள்) மண்புழு உரமும் சம அளவு கலந்து நிரப்புங்கள். கோகோபீட் கட்டியை ஊறவைத்த முதல் தண்ணீரில் உப்பு இருக்கும். பிழிந்து கொட்டிவிட்டு, இரண்டு தடவை அலசியபின் பயன்படுத்துங்கள்.

வேர் ஒரு சென்டிமீட்டர் நீண்டதும், வேர் கீழே பார்க்க 2 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து மூடுங்கள். மேலோட்டமாக வைத்தால் ஓடு கழலாமல் முளையின் தலையிலேயே தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு வரும். அப்படி வந்தால் காய்ந்த ஓட்டைப் பிடுங்க வேண்டாம், விதையிலையும் சேர்ந்து பிய்யும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வைத்து ஊறவிட்டால் சாயங்காலத்துக்குள் தளர்ந்துவிடும். முளை வெளியே வந்த நாளே வெயிலுக்குக் கொண்டுபோங்கள். வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் நூலாக நீண்டு சாயும்.

3. பை, மண், பந்தல்

15க்கு 15 அங்குலப் பைக்கு ஒரு கொடி. ஆசைப்பட்டு இரண்டு வைக்காதீர்கள். செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு. பந்தலை நடுவதற்கு முன்பே கட்டிவிடுங்கள், பிறகு கட்டினால் கம்பு வேரைக் குத்தும். கடையில் விற்கும் நைலான் வலை எனக்குப் பிடிக்காது. சீசன் முடிந்ததும் அதில் சுற்றிய காய்ந்த கொடியைப் பிரிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். சணல் கயிறு என்றால் கொடியோடு அறுத்து உரக்குழியில் போட்டுவிடலாம்.

விதையிலைக்குப் பிறகு இரண்டு நிஜ இலை வந்ததும், பற்றுக்கம்பி நீளும் முன், கப்பைக் கிழித்து மண்ணோடு நடுங்கள். சாயங்காலம் நடுவது நல்லது. பந்தலை எட்டும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு, எட்டியபின் நுனியைக் கிள்ளுங்கள். பிறகு வரும் கிளைகளில்தான் பெண் பூ கூடுதலாகக் கிடைக்கும்.

பங்குனிக்கு மேல் பையின் பக்கவாட்டில் வெயில் அடித்தால் வேர் வெந்துவிடும். மேற்குப் பக்கம் பழைய கோணி தொங்கவிடுங்கள். தண்ணீர் காலையில் பூவாளியில்தான். டியூபை நேரே பிடித்தால் மண் அரித்து வேர் வெளியே தெரியும்.

பின் சேர்த்தது: 'பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது'

இதைப் பலரும் கேட்டுவிட்டார்கள். பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். நாலாவது மாடிக்குத் தேனீ தினமும் வராது. பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருந்தால் பெண், வெறும் காம்பு என்றால் ஆண். ஆண் பூவைப் பறித்து, இதழை மடக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் தொட்டு எடுங்கள்.

நேரம்தான் முக்கியம். பாகல் பூ காலையில் விரியும், 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். பீர்க்கன் பூ சாயங்காலம்தான் விரியும். சுரையும் புடலையும் பொழுது சாய்ந்த பிறகு. காலையில் போய்ப் பீர்க்கன் பூவைத் தொட்டுக்கொண்டிருந்தால் பலன் இல்லை.

முதலில் ஆண் பூ மட்டும் வருகிறதென்றால் அது இயல்பு, சில நாள் பொறுங்கள். இலை மட்டும் கரும்பச்சையாகத் தழைத்துப் பூவே இல்லையென்றால் உரம் அதிகம். கொஞ்ச நாள் உரத்தை நிறுத்துங்கள்.

இன்னொன்றும்: காய் வளைந்து, அறுத்தால் உள்ளே புழு நெளிகிறது என்றால் பழ ஈ. மருந்தடித்துப் பெரிதாகப் பயன் இல்லை, முட்டை காய்க்குள் போய்விட்டது. அந்தக் காயை மண்ணில் போடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைத்து அழியுங்கள். மிச்சமுள்ள பிஞ்சுகளுக்குச் செய்தித்தாளில் உறை செய்து மாட்டுங்கள். பழ ஈப் பொறி ஒன்று தொங்கவிட்டால் ஆண் ஈக்கள் விழும்.

விதை எடுக்க நினைப்பவர்கள் நல்ல பாகல் ஒன்றைக் கொடியிலேயே பழுக்க விடுங்கள். ஆரஞ்சு நிறமாகி அதுவே வெடிக்கும். விதையைச் சுற்றியுள்ள சிவப்புச் சதையைக் கழுவி நிழலில் உலர்த்தினால் ஆடிக்கு ஆகும். ஹைபிரிட் விதையில் வந்த கொடி என்றால் இந்த வேலை வேண்டாம், அதே காய் திரும்ப வராது. புதுப் பாக்கெட்டே வாங்கிவிடுங்கள்.