பயறு அழுகுவதும் புழு சாவதும் ஏன்? தொடக்கப் பள்ளி உயிரியல் செய்முறைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கப் பள்ளியில் உயிரியல் செய்முறை என்றாலே டம்ளரில் பஞ்சு வைத்துப் பயறு முளைக்கவைப்பதுதான் முதலில் வரும். சுலபம் என்று அலட்சியமாக எடுப்பதாலோ என்னவோ, அதிகம் கெட்டுப்போவதும் அதுதான்.

மூன்றாம் நாள் பயறு வழவழத்து வாடை அடித்தால், பெரும்பாலும் தண்ணீர் கூடிப்போயிருக்கும். விதையும் மூச்சு விடுகிறது. பஞ்சு தண்ணீரில் மிதந்தால் விதைக்குக் காற்று கிடைக்காது, முளைப்பதற்குள் அழுகிவிடும். பச்சைப்பயறை 6 முதல் 8 மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்துவிட்டு, நனைத்து நன்றாகப் பிழிந்த பஞ்சின் மேல் பரப்புங்கள். டம்ளரைச் சாய்த்தால் அடியில் தண்ணீர் ஓடக்கூடாது. காலையும் மாலையும் கையால் தெளித்தால் போதும். நம் ஊர் வெயிலுக்கு ஒன்றிரண்டு நாளில் முளை தெரியும்.

விதையைத் தேர்ந்தெடுப்பதிலும் சிக்கல் உண்டு. துவரம்பருப்பு, பாசிப்பருப்பு போல உடைத்ததும், பொட்டுக்கடலை போல வறுத்ததும் முளைக்காது. விதைக்கடையில் ரோஸ், நீலம் என்று நிறம் பூசி விற்கும் விதைகளில் பூச்சி மருந்தோ பூஞ்சண மருந்தோ கலந்திருக்கும். அவற்றைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. விதையின் உள்பாகத்தைக் காட்டப் பயறு மிகச் சிறியது. மொச்சையையோ கொண்டைக்கடலையையோ இரவு முழுக்க ஊறவைத்துத் தோலை உரித்துப் பிளந்தால், இரு பருப்புகளுக்கு நடுவே ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிச் செடி வெறும் கண்ணுக்கே தெரியும்.

‘ஆளுக்கு ஒரு விதை’ என்று பெயர் ஒட்டி வைப்பது பார்க்க அழகுதான். ஆனால் ஒரு விதை முளைக்காமல் போக ஆயிரம் காரணம் இருக்கும். அந்தக் குழந்தையும் அதைத் தன் தோல்வியாக எடுத்துக்கொள்ளும். நான்கைந்து பேருக்கு ஒரு கிண்ணம், கிண்ணத்துக்கு 10 விதை என்று வைத்தால் ‘பத்தில் எத்தனை’ என்று எண்ணவும் முடியும், ஒப்பிடவும் முடியும்.

இருட்டில் வைத்த செடி

இந்தச் சோதனை கெடுவதே இல்லை. சரியாக நடந்து, தவறான முடிவைத் தந்துவிடும் என்பதுதான் வம்பு. ஒரு கிண்ணத்தை ஜன்னலோரம் வைக்கிறோம், இன்னொன்றை அட்டைப்பெட்டிக்குள் மூடுகிறோம். ஒரு வாரம் கழித்து ஸ்கேல் வைத்து அளந்தால் பெட்டிக்குள் இருந்ததே உயரமாக நிற்கும். குழந்தை நோட்டில் ‘இருட்டில் செடி நன்றாக வளரும்’ என்று எழுதும். அளந்தது உயரம் ஒன்றை மட்டும் என்றால், அது எழுதியதில் தப்பே இல்லை.

வெளிச்சம் தேடித் தண்டு மட்டும் நீள்கிறது. அதற்கான உணவு விதைப் பருப்பில் இருந்த சேமிப்பு. ஆகவே உயரத்தோடு இலையின் நிறம், இலையின் அகலம், தண்டின் பருமன், தானாக நிமிர்ந்து நிற்கிறதா என்பதையும் எழுதச் சொல்ல வேண்டும். ஒரு வாரத்தோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று வாரம் விட்டுவைத்தால், சேமிப்பு தீர்ந்ததும் வெளிறிய செடி துவண்டு விழுவதையும் பார்ப்பார்கள். இடையில் ஒருமுறை பெட்டியில் சிறு துளை போட்டால் தண்டு அந்தப் பக்கமாக வளையும். ஆனால் அதைத் தனிக் கிண்ணத்தில் செய்யுங்கள். ஒரே கிண்ணத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எதனால் எது நடந்தது என்று பெரியவர்களாலேயே சொல்ல முடியாது. அதே காரணத்துக்காக இரண்டு கிண்ணத்துக்கும் ஒரே அளவு தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். பெட்டிக்குள் இருப்பதற்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிடுவது வழக்கம். அப்புறம் அது வாடியது இருட்டாலா, தாகத்தாலா என்று தெரியாது.

புழுவிலிருந்து பட்டாம்பூச்சி வரை

எலுமிச்சை, நார்த்தை, கறிவேப்பிலைச் செடிகளில் பறவை எச்சம் போலக் கிடக்கும் சின்னப் புழுதான் வளர்ந்து பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல ஒன்றை நீட்டி நாற்றம் விடும். வகுப்பில் வளர்க்க இதைவிட நல்ல புழு கிடைப்பது அரிது. கம்பளிப்புழு மட்டும் வேண்டாம். அதன் முடி பட்டால் அரிப்பு அடங்காது.

மூடியில் நாலு ஓட்டை போட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலில் இலையைத் திணித்து வைத்தால் உள்ளே வேர்த்து, கழிவில் பூஞ்சணம் பிடித்து, புழு செத்துவிடும். வாயகன்ற டப்பாவுக்குக் கொசுவலைத் துணி கட்டி, அடியில் செய்தித்தாள் போட்டுத் தினமும் மாற்றுங்கள். இலை வாடாமல் இருக்கக் கிளையைச் சிறு குப்பித் தண்ணீரில் செருகுவது நல்ல வழிதான். ஆனால் குப்பியின் வாயைப் பஞ்சால் அடைக்காவிட்டால் புழு இறங்கிப் போய்த் தண்ணீரில் விழுந்து சாகும். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே செடியின் இலையைக் கொடுங்கள். நர்சரிச் செடியிலோ மருந்தடித்த தோட்டத்திலோ இலை பறிக்க வேண்டாம். இடம் மாற்றும்போது விரலால் பிடிக்காமல் இலையோடு நகர்த்த வேண்டும்.

இரண்டு வாரம் போல மேய்ந்த பிறகு புழு சாப்பாட்டை விட்டுவிட்டு, தண்ணீராகக் கழிந்து, அங்குமிங்கும் அலையும். சீக்கு வந்துவிட்டது என்று பலர் தூக்கிப் போடுவது அப்போதுதான். அது கூட்டுப்புழு ஆகப்போகும் அறிகுறி. சாய்வாக ஒரு குச்சி வைத்தால், ஏறி, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் கட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன்பின் தொடாதீர்கள். பட்டாம்பூச்சி வெளிவரும்போது கூட்டைப் பிரித்து ‘உதவி’ செய்தால் சிறகு சரியாக விரியாது. டப்பா குறுகலாக இருந்தாலும் சிறகு மடங்கியபடியே காய்ந்துவிடும். அடியில் சொட்டும் கலங்கிய நீர் அதன் கழிவு. ரத்தம் என்று குழந்தைகள் பயப்படுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சில கூடுகளிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் குட்டிக் குளவி வரும். அதை மறைக்க வேண்டாம். புழுவுக்குள் முட்டையிட்டு வளரும் உயிரும் இயற்கையில் உண்டு என்று எட்டு வயதுக் குழந்தைக்குத் தாராளமாகச் சொல்லலாம்.

பூவின் பாகங்களைப் பிரிக்க ஒற்றைச் செம்பருத்தி எடுங்கள். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் பலவும் இதழாக மாறியிருப்பதால் ஐந்து இதழ் கணக்கு வராது. படத்தைப் புத்தகம் திறப்பதற்கு முன்பே வரையச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கையில் இருக்கும் பூவை விட்டுவிட்டுப் புத்தகப் பூவைத்தான் வரைவார்கள். லென்ஸைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு பூவை அதன் பக்கம் கொண்டுவர வேண்டும். சூரியனை அதன் வழியே பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். இலை பொறுக்க அனுப்பும்போது எருக்கு, அரளி, ஊமத்தை மூன்றையும் முதலில் அடையாளம் காட்டிவிடுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

ரொட்டியில் பூஞ்சணம் வளர்ப்பதற்குக் கடை பாக்கெட் ரொட்டி எடுத்தால் நாளாகும்; கெடாமலிருக்க அதில் பொருள் சேர்த்திருப்பார்கள். வீட்டுச் சப்பாத்தி நல்லது. லேசாக நீர் தெளித்து ஜிப் கவரில் போட்டு, வாயை டேப்பால் ஒட்டுங்கள். திறந்து வைத்தால் காய்ந்து வறட்டியாகும், பூஞ்சணம் வராது. ஒட்டிய கவரை மறுபடி திறக்கவோ முகரவோ விடாதீர்கள். பார்த்து முடித்ததும் கவரோடு குப்பையில் போட்டுவிடுங்கள்.